தொட்டியும் இருமுறை நிரம்புகிறது, மின் கட்டணமும் ஏறுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். முன்பெல்லாம் மேல்நிலைத் தொட்டியை நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். சில மாதங்களாக இருமுறை மோட்டார் போட வேண்டியிருக்கிறது. மின்சாரச் செலவும் கூடியிருக்கிறது. பல் துலக்கும்போது குழாயை மூடுவது, அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பது எல்லாம் ஏற்கெனவே செய்கிறோம். மோட்டார் அதிகம் ஓடுவதால்தான் மின்சாரம் கூடுகிறதா? கருவிகளை மாற்ற வேண்டுமா? எதை முதலில் செய்வது?

பதில்: உங்கள் பழக்கங்கள் மாறவில்லை, ஆட்களும் கூடவில்லை, தண்ணீர் மட்டும் இருமடங்கு செலவாகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதும். எல்லோரும் படுக்கப் போகும் முன் குழாய்களை எல்லாம் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் வரும் வழியையும் அடைத்து, நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரவில் கழிப்பறையைப் பயன்படுத்த நேர்ந்தால் ஃப்ளஷை அழுத்தாமல் வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால், மட்டம் 5 செ.மீ. இறங்கியிருப்பதன் பொருள் 50 லிட்டர் போயிருக்கிறது என்பது. எட்டு மணி நேரத்தில் 50 லிட்டர் என்றால் நாளுக்கு 150 லிட்டர்.

மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த இரவு, தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயின் வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியிலோ அதன் இணைப்பிலோ விரிசல் இருக்கிறது. இறங்காவிட்டால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள் என்று தெரிந்துவிட்டால் நேராகக் கழிப்பறைக்குப் போங்கள். சொட்டும் குழாயைக் கண் பார்க்கிறது, காது கேட்கிறது. ஃப்ளஷ் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்து ஒழுகும் தண்ணீரோ சத்தமில்லாமல், தரையில் ஓர் ஈரத்தடம்கூட இல்லாமல், பீங்கான் சுவரை ஒட்டி வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். நான் பார்த்த வரையில், காரணம் தெரியாத தண்ணீர்ச் செலவுக்கு இதுவே அடிக்கடி விடையாக இருந்திருக்கிறது. ஃப்ளஷ் தொட்டிக்குள் உணவுக்குச் சேர்க்கும் வண்ணத்தைச் சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்து பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ரப்பர் மூடியை மாற்ற வேண்டும். அது விலை குறைந்த சிறு பொருள். அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணீர் மட்டம் வழிந்தோடும் குழாயின் வாய்க்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நிற்கிறதா என்றும் கவனியுங்கள். வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் மிதவையைத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

சொட்டும் குழாய்களையும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரு குழாயின் கீழ் வைத்த 200 மி.லி. டம்ளர் கால் மணி நேரத்தில் நிரம்பினால், ஒரு நாளில் அப்படி 96 டம்ளர்கள், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் வீணாகிறது. பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே சரியாகிவிடும்.

இனி, மோட்டாரால்தான் மின்சாரம் கூடுகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். 1,000 லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் 0.03 யூனிட்டுக்கும் குறைவு. மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் 0.1 யூனிட் அளவில்தான் நிற்கும். நாளுக்கு 1,000 லிட்டர் கூடுதலாக ஏற்றினால்கூட மாதத்துக்கு மூன்று யூனிட்தான் ஆகும். ஆகவே, நல்ல நிலையில் உள்ள மோட்டார் உங்கள் கட்டணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்தாது. மோட்டாரே பழுதாகியிருந்தால் கதை வேறு. அரை மணி நேரத்தில் நிரம்பிய தொட்டி இப்போது ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால், உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகுகிறதா, அந்தக் குழாயின் அடி நுனியிலுள்ள அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும்.

மின்சாரத்தைத் தின்பது தண்ணீரை ஏற்றுவதைவிட அதைச் சூடாக்குவதுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரே ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தச் செலவாகும் ஆற்றலைக் கொண்டு, அதே தண்ணீரை ஏறத்தாழ 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், வீட்டில் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும். தண்ணீர்ச் செலவும் மின்செலவும் சந்திக்கும் இடம் குளியலறை.

குழாயில் வரும் தண்ணீர் 25 பாகை, குளிக்கும் சூடு 40 பாகை என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் குளிப்பவர் 96 லிட்டர் தண்ணீரையும் ஏறத்தாழ 1.7 யூனிட் மின்சாரத்தையும் செலவழிக்கிறார். நால்வரும் நாள்தோறும் அப்படிக் குளித்தால் மாதத்துக்கு 200 யூனிட். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் ஷவர் முகப்பைப் பொருத்தி, குளிக்கும் நேரத்தை ஆறு நிமிடமாக்கினால் அதே நால்வருக்கு 75 யூனிட் போதும். தண்ணீரிலும் மாதத்துக்கு 7,200 லிட்டர் மிச்சமாகும். உங்கள் ஷவர் எவ்வளவு கொட்டுகிறது என்பதை அறிய, அதன் கீழ் ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். பத்து லிட்டரைத் தாண்டினால் தயங்காமல் மாற்றுங்கள். கை கழுவும் குழாய்களுக்கும், காற்றைக் கலந்து நீரைத் தரும் ஏரேட்டரைத் திருகிப் பொருத்திவிடலாம்.

கீசரை நாள் முழுவதும் போட்டு வைத்தால் சிக்கனம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. சூடான தொட்டி ஒவ்வொரு மணி நேரமும் வெளிக்காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். சூடு கூடக் கூட இழப்பும் கூடும். தேவைக்குச் சற்று முன் போட்டு, பயன்படுத்திய பின் அணைப்பதே குறைந்த செலவு. ஆனால் தெர்மோஸ்டாட்டை மிகவும் தாழ்த்திவிடாதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகக்கூடும் என்பதால், சேமிப்புத் தொட்டியில் 60 பாகை அளவுக்குச் சூடேற்றுவதே பாதுகாப்பானது. அந்தச் சூடு தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் குளிர்நீரைக் கலந்த பிறகே உடலில் ஊற்ற வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. வெந்நீரும் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் வரும் குழாயில், கைப்பிடி நடுவில் நின்றால் நீங்கள் கை கழுவும் ஒவ்வொரு முறையும் கீசரிலிருந்து வெந்நீர் கிளம்பும். அது உங்கள் கையை எட்டும் முன்பே குழாயை மூடிவிடுவீர்கள். சுவருக்குள் நின்று அது ஆறிப்போகும். 15 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயில் பத்து மீட்டருக்கு 1.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். கைப்பிடியை எப்போதும் குளிர்நீர்ப் பக்கம் தள்ளி வைக்கும் பழக்கத்துக்குச் செலவே இல்லை. குளிக்கும்போது வெந்நீர் வரும் வரை ஓடும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் துணி அலசவோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறை இப்படிச் சீரான பிறகும் கட்டணம் இறங்கவில்லை என்றால் மின் மீட்டரிடம் கேட்க வேண்டும். படுக்கப் போகும்போதும் எழுந்தவுடனும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்தில் 1.4 யூனிட் ஏறியிருந்தால், இரவு முழுவதும் சராசரியாக 200 வாட் ஓடியிருக்கிறது. ஓடிய மின்விசிறிகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் கழித்த பிறகு எஞ்சுவது எது என்று தேடுங்கள். டிஜிட்டல் மீட்டராக இருந்தால் இன்னும் எளிது: ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிறு விளக்கு சிமிட்டும் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று இருந்து, நிமிடத்துக்குப் பத்து முறை சிமிட்டினால், அந்த நேரத்தில் ஓடுவது ஏறத்தாழ 190 வாட். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே சிமிட்டலை எண்ணினால் குற்றவாளி அகப்பட்டுவிடும். ரிமோட்டில் மட்டும் அணைக்கப்பட்ட ஒரு கருவி 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு அது 87 யூனிட்டுக்கு மேல்.

கருவிகளை மாற்றுவதைப் பொறுத்தவரை, நிறைய நேரம் ஓடுபவற்றுக்கே முதலிடம் தருவேன். 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது) மாட்டினால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் அறையில் மாதத்துக்கு 16 யூனிட் குறையும். எப்போதாவது திறக்கும் அறையில் அதையே மாட்டுவதால் பெரிய பயன் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை மாற்றும் முன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால், பெட்டியை மாற்றத் தேவையில்லை, கதவின் ரப்பர் பட்டையை மாற்றினால் போதும். பட்டை நன்றாக இருந்து, பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, கம்பிச்சுருளில் படிந்த தூசியைத் துடைத்த பின்னும் அது ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருந்தால் புதியது வாங்கலாம். அப்படி வாங்கினால், பழைய பெட்டியை இன்னோர் அறையில் வைத்துத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். புதியதால் குறையும் யூனிட்டுகளுக்கு மேலேயே பழையது எடுத்துக்கொள்ளும்.