பெட்டியை வைத்துவிட்டு விமானம் ஏறலாமா?

கேள்வி: நான் ஜெர்மனியின் ஆஹன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். சொந்த ஊர் அரியலூர் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுக்க அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தேன். அப்போதுதான் விடுதித் தோழி ஒருத்தி என்னை ஜியோகேஷிங்குக்கு இழுத்துப் போனாள். யாரோ ஒளித்துவைத்த சின்னப் பெட்டியை, செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்துத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இப்போது வார இறுதி என்றால் காடு, மேடு, பாலத்தடி என்று அலைகிறேன். எனக்கு இது ரொம்பவும் பிடித்திருக்கிறது. ஆனால் உடன் படிக்கும் நம்மூர்ப் பையன்கள், "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்கிறார்கள். எங்கள் குழுவுக்குள் எண்ணிக்கைப் போட்டி வேறு. ஒருவர் மரமேறி எடுத்தால், கீழே நிற்கும் எல்லோரும் கண்டுபிடித்ததாகப் பதிவு போடுகிறோம். அது உறுத்துகிறது. டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பக்கம் ஒரு பெட்டி வைக்க ஆசை. அம்மாவோ ஒவ்வொரு போனிலும், "காட்டுக்குள்ள எதைத் தேடி அலையுற?" என்று கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, ஆஹன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கோயில் பக்கம் பெட்டி வைக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்வதற்கு மன்னியுங்கள். அது ஏன் வேண்டாம் என்று பேசினாலே, உங்களுடைய மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆஹன் காட்டில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். அவர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நிலத்துக்கு உரியவரிடம் கேட்டு, பக்கத்துப் பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்கிறதா என்று பார்த்து, எண்களைக் குறித்து அனுப்பியிருப்பார். தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்த்த பிறகுதான் பெட்டி வரைபடத்தில் வரும். வேலை அதோடு முடிவதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆண்டுகளில் நானும் ஒரு பெட்டி வைத்திருந்தேன். நான்கு பக்கமும் அழுத்தி மூடும் சாதாரண டப்பாதான். அந்த மழையில், மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மண் துகள் ஒட்டியிருந்தால் போதும், அடுத்த வாரம் உள்ளே இருக்கும் தாள் கூழாகியிருக்கும். ஒரு தடவை திறந்தால், எறும்புகள் வெள்ளை முட்டைகளோடு குடியேறி, பென்சிலைச் சுற்றி மண்ணைக் குவித்திருந்தன. துடைத்து, உலர்த்தி, புதுத் தாள் வைத்துவிட்டு வருவேன். ஊர் திரும்பும் வேளை வந்ததும் அங்கேயே இருக்கும் ஓர் ஆட்டக்காரருக்கு அதைத் தத்துக் கொடுத்தேன். ஜியோகேஷிங் தளத்தில் அதற்கென்றே வசதி இருக்கிறது.

அரியலூரில் நீங்கள் வைக்கும் பெட்டியை யார் போய்த் துடைப்பது? ஜனவரியில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் வைத்துவிட்டு வரும் பெட்டிகளைத் தளத்தின் விதிகளும் பொதுவாக ஏற்பதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமானது இடம். கங்கைகொண்ட சோழபுரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் உலகப் பாரம்பரியச் சின்னம். சோழர் காலத்துக் கல்லிடுக்கில் பிளாஸ்டிக் டப்பாவைச் செருகும் உரிமை நம் யாருக்கும் கிடையாது. போதாக்குறைக்கு, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே என்று ரயில் நிலையம்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயில் மதிலோரம் ஓர் இளம்பெண் குனிந்து எதையோ ஒளிப்பதைப் பார்த்தால் மக்கள் பயப்படத்தான் செய்வார்கள், அதில் தவறும் இல்லை. 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில் இதே மாதிரி ஒரு பெட்டியைச் சந்தேகப்பட்டு, தெருவைக் காலி செய்து, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து அதைத் தகர்த்தார்கள்.

சரி, உங்களுக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருவோம். ஒருவர் மரமேறினார், கீழே ஐந்து பேர் நின்றீர்கள், ஆறு பேர் பெயரும் தாளில் ஏறியது. பெயர் தாளில் இருந்தால் பதிவு செல்லும், விதி அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிவு மின்னஞ்சலாக யாருக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி வைத்தவருக்குப் போகிறது. நான் அப்படி வந்த மின்னஞ்சல்களைப் படித்தவன். வெறும் 'டிஎஃப்டிசி', அதாவது பெட்டிக்கு நன்றி என்பதன் நான்கெழுத்துச் சுருக்கம், வரிசையாக ஆறு வந்தால் மனதில் ஒன்றும் நிற்காது. "வேருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் தேடினோம், மழை பிடித்துக்கொண்டது, தோழிதான் ஏறி எடுத்தாள், மேலேயிருந்து மூன்று நாட்டு எல்லையும் தெரிகிறது என்று கத்தினாள்" என்று ஒருவர் எழுதினால் அன்றைய பொழுதே நன்றாகிவிடும். அதனால் ஏறியது யார் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். உறுத்தல் தானாகப் போய்விடும். மரமேறுவதற்கென்றே அமைத்த பெட்டியில் நீங்களே ஏறினால்தான் கணக்கு என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் பெட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாரும் கேட்கப் போவதில்லை. நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன்.

கிடைக்காத பெட்டிக்குக் 'கிடைக்கவில்லை' என்று பதிவு போடுங்கள். எண்ணிக்கைப் போட்டியில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். தோற்றுப்போன மாதிரி இருக்கிறதாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் அப்படிப் போட்டால்தான், பெட்டி தொலைந்திருக்கலாம் என்று வைத்தவருக்குத் தெரியும், அவர் போய்ப் பார்ப்பார். கிடைக்காத இடத்தில் கையோடு கொண்டுபோன வேறொரு டப்பாவை வைத்துவிட்டுக் கண்டுபிடித்ததாகப் பதிவு போடுகிற பழக்கமும் சில குழுக்களில் இருக்கிறது. உங்கள் குழுவில் யாராவது அதைச் செய்தால் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள். பழைய பெட்டி இரண்டடி தள்ளி அப்படியே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டாகிவிடும்.

எண்ணிக்கை மட்டுமே வேண்டுமென்றால் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. அதன் ஓரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். காரை நிறுத்து, எடு, எழுது, வை, ஏறு. இப்படியே ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் மகிழ்கிறவர்கள் மகிழட்டும். ஆனால் குளிர்காலத்தில் அறைக்குள் முடங்கிக் கிடந்த உங்களை வெளியே கொண்டுவந்தது அந்த மாதிரிச் சாலையாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

நம்மூர்ப் பையன்களிடம் வாதாட வேண்டாம். இந்த ஆட்டம் தொடங்கியது எப்படி என்பதை மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள். பொறியியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். ஜி.பி.எஸ். சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. பொதுமக்களின் கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். அந்தத் தடையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அரசு நீக்கியது. மறுநாள், மே 3-ம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகங்கள், கவண், ஒரு டின் பீன்ஸ் என்று என்னென்னவோ இருந்தன. சில நாட்களுக்குள்ளேயே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே, 1854-லிருந்து, இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பெட்டி தேடும் வழக்கம் இருந்திருக்கிறது.

அப்புறம் அவர்களில் ஒருவரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். சின்னப் பெட்லிங் பெட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதுவதற்கு முன்னால் இருக்கும் தடித்த சோதனைக்குழாய் போன்றது, ஜெர்மனியில் நிறையப் பேர் அதைத்தான் பெட்டியாக வைக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மரங்களுக்கு நடுவில் செல்போன் பத்து மீட்டர் வரை தடுமாறும், அம்பு சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் போனைப் பையில் போடச் சொல்லுங்கள். எல்லாக் கற்களும் பாசியோடு இருக்க, ஒன்று மட்டும் பாசி இல்லாமல் திரும்பிக் கிடக்கும். பட்டை உரிந்த மரத்தில் ஒரு துண்டு மட்டும் இயல்பாக ஒட்டாமல் நிற்கும். அதை அவர் கண்ணே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு காட்டிவிடாதீர்கள்.

அம்மாவின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: நீ பத்திரமாக இருக்கிறாயா? டிசம்பரில் ஆஹனில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அதற்கு முன்பே காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தி நேரம் விலங்குகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் உரியது. தனியாகப் போனால் எந்தப் பெட்டி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தோழிக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். வெயில் காலத்தில் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, கழுத்தோரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் குகைகளுக்கும் பழைய சுரங்கங்களுக்கும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை போகக் கூடாது என்று ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது. தூக்கம் கலைந்த வௌவால், சேர்த்துவைத்த கொழுப்பை வீணாக எரித்துவிட்டு வசந்தம் வருவதற்குள் செத்துப்போகலாம். நிலத்தடி நீர்வழிகளுக்குள் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள். 2018-ல் பிராக் நகரில் இந்த ஆட்டத்துக்காக அப்படி ஒரு வடிகால் சுரங்கத்துக்குள் போனவர்கள், திடீர் மழை வெள்ளத்தில் சிக்கினார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் போகிறேன் என்று அம்மாவிடம் நீங்கள் சொன்னால், "எதைத் தேடி அலையுற" என்பதன் தொனி மாறும்.

இப்போது ஊருக்கு வருவோம். பெட்டி வேண்டாம் என்றேன், ஊரை வரைபடத்தில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எர்த்கேஷ் என்று ஒரு வகை இருக்கிறது. 2004-ல் அமெரிக்க நிலவியல் கழகத்தோடு சேர்ந்து தொடங்கியது. அதில் பெட்டியே கிடையாது, தாளும் கிடையாது. நிலவியல் சிறப்புள்ள ஓர் இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு பாடம் எழுத வேண்டும். அங்கே நேரில் போய்ப் பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வருகிறவர் பார்த்து, யோசித்து, பதிலை உங்களுக்கு அனுப்புவார். ஆஹனில் இருந்தபடியே படித்துப் பதில் எழுதலாம். துடைக்கவும் உலர்த்தவும் ஒன்றும் இல்லை.

அரியலூர்ப் பெண்ணுக்கு இடமா இல்லை! உங்கள் பக்கம் டைனோசர் காலத்தில் கடலாகக் கிடந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் அங்கே அலைந்து திரிந்து, பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் உலகத்து நிலவியலாளர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் மழை அரித்த இடமெல்லாம் கடலுயிர்ப் படிமங்கள் வெளியே வரும். ஆனால் எர்த்கேஷுக்கு நான் பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைத்தான் சொல்வேன். காரையில் ஆட்களை வரவழைத்தால், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் படிமங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள், ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. சாத்தனூர் மரத்துக்கு வேலி இருக்கிறது, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பு இருக்கிறது. அந்தத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைப் பதிவு செய்தார். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டாகக் கிடக்கிறது.

பாடத்துக்கான கேள்வியை அந்த இடமே கொடுத்துவிடும். சுற்றிலும் கடல் படிவு, நடுவில் நிலத்தில் வளர்ந்த மரம். எப்படி வந்தது? ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது, மரம் மூழ்கியது, சேறு மூடியது, நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாருக்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்கியது. இதை எளிமையாக எழுதிவிட்டு, அடிமரம் எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கிளை முளைத்த தழும்பு தெரிகிறதா, எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது, உடைந்த முகம் என்ன நிறம் என்று கேளுங்கள். மரத்தைத் தொடாமல், வேலிக்கு வெளியே நின்றே பதில் சொல்ல முடிகிற கேள்விகளாக இருக்கட்டும். தமிழில் முதலில் எழுதுங்கள், ஆங்கிலம் அடுத்து வரட்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வரட்டுமே.

ஊருக்குப் போவதற்கு முன்னால் ஆஹனிலிருந்தே இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள். பதில் வர நாளாகும், அதனால் இந்த மாதமே எழுதுங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய்விட்டு வந்தால் எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும். சாத்தனூருக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கேள்விகளை முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு விளங்கவில்லை என்றால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

எர்த்கேஷ் பக்கம் வெளியானதும், தளம் அதற்குத் தரும் அடையாள எண்ணான ஜி.சி. எண்ணை எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த முறை திருச்சிப் பக்கம் வரும்போது சாத்தனூருக்குப் போய், பதில்களை உங்களுக்கு அனுப்புகிறேன்.