கேளுங்க சொல்றோம்: நல்ல கிடா யாருகிட்ட நிக்கணும்?

கேள்வி: எங்ககிட்ட ஆளுக்கு 10, 12 வெள்ளாடுதான் இருக்கு. மழை கம்மி, முள்ளும் புதருமான பூமி. எல்லாரும் சேர்ந்து இனவிருத்தி பண்ணலாம்னு பேச்சு ஓடுது. இவ்ளோ சின்ன மந்தையை வச்சுக்கிட்டு என்னத்தைங்க தேர்ந்தெடுக்கறது?

பதில்: மந்தை சின்னதா இருக்கறதாலதாங்க சேரச் சொல்றாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 10 பெட்டை வச்சிருக்கறவருக்கு வருஷத்துல அஞ்சாறு கிடாக்குட்டி, சாவு போக நாலு நிக்கும், அந்த நாலுல ஒண்ணைத்தான் பொலிகிடாவா விட்டாகணும், அதுவும் அதே பெட்டைகளுக்கு மகனோ தம்பியோவா இருக்கும். இதே 50 வீடு சேர்ந்தா 500 பெட்டை, சாவெல்லாம் போக ஒரு 200 கிடாக்குட்டி தேறும்னு வைங்க, 25 பெட்டைக்கு ஒரு கிடான்னா தேவை வெறும் 20 கிடாதான். பத்துல ஒண்ணை நிறுத்தினா போதும்.

ஆனா இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கைல காசு இல்லாதப்போ எந்தக் குட்டியை முதல்ல விக்கறோம்? மளமளன்னு வளர்ந்து நிக்குதே, அதை. வியாபாரியும் அதைத்தான் கேப்பாரு. வெல போகாம மந்தையிலயே தங்கிப்போன நோஞ்சான்தான் அடுத்த வருஷக் குட்டிங்களுக்கெல்லாம் அப்பன். அப்போ தேர்வு நடந்துக்கிட்டேதான் இருக்கு, தலைகீழா நடக்குது. இதை நிறுத்தறதுதான் மொத வேலை, மத்ததெல்லாம் அப்புறம்.

எத்தியோப்பியாவுல 2009-ல மென்ஸ், போங்கா, ஹோரோ செம்மறிகள்ல இக்கார்டா ஆராய்ச்சி மையமும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து இப்படி ஆரம்பிச்சாங்க, அப்புறம் வறண்ட வடக்குப் பகுதியில அபெர்கெல்லே வெள்ளாட்டுக்கும் கொண்டு போனாங்க. குட்டி பிறந்த தேதி, எடை எல்லாம் எழுதி வச்சு கிடாக்குட்டிகளை வரிசைப்படுத்துவாங்க, ஆனா கடைசி முடிவு ஆட்டுக்காரங்க கமிட்டி கைலதான். எடையில முதல்ல வந்ததைக்கூட நிறம் பிடிக்கல, கொம்பு சரியில்லன்னு தள்ளிடலாம். தள்ளட்டுமே, வெயில்ல மேய்க்கப் போறவங்க அவங்கதானே.

கேள்வி: இவ்ளோ மெனக்கெடறதுக்கு வெளியிலேர்ந்து போயர் மாதிரி பெரிய இனக் கிடா ஒண்ணு வாங்கி விட்டா ஒரே வருஷத்துல குட்டி பெருசாயிடாதா?

பதில்: ஆகும், தீனி இருந்தா. பெரிய உடம்புக்கு தினமும் வேண்டிய தீனியும் பெருசு, அதைக் கோடையில யாரு போடறது? வறட்சி ஆடு சின்னதா இருக்கறது குறைன்னு நினைக்காதீங்க, அந்த சைஸுலதான் அது பொழைக்குது. பாலைவனத்துல பெடோயின் மக்கள் வளர்க்கற கறுப்பு ஆடு ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி பாக்கும், பாத்ததும் தன் எடையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஒரே மூச்சுல குடிச்சு வயித்துல தேக்கி வச்சுக்கும். இந்த மாதிரி குணமெல்லாம் ரெண்டு தலைமுறை கலப்புல கரைஞ்சு போனா திரும்ப எங்க போய் வாங்குவீங்க? கட்டிப்போட்டு தீவனம் போட வசதி இருக்கறவங்க கலப்பு பண்ணிக்கட்டும், மேய்ச்சலை நம்பி இருக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நோட்டுல என்னென்ன எழுதணும்? எங்க வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சது என் மக மட்டும்தான், அதுவும் சின்னப்புள்ள.

பதில்: அது போதும்மா. காதுத்தோடு நம்பர், தாய் யாரு, எத்தனாவது ஈத்து, ஒத்தையா ரெட்டையா, பிறந்த தேதி, 3 மாசத்துலயும் 6 மாசத்துலயும் எடை. தொங்கு தராசுல ஒரு சாக்கைக் கட்டி குட்டியை அதுக்குள்ள போட்டா அரை நிமிஷ வேலை. எடையை அப்படியே நம்பிடாதீங்க. மூணாவது ஈத்துத் தாய்க்கு ஒத்தையா பிறந்து 3 மாசத்துல 12 கிலோ வந்த குட்டியும், முதல் ஈத்துல ரெட்டையா பிறந்து பாலைப் பங்கு போட்டுக் குடிச்சும் 10½ கிலோ வந்த குட்டியும் பக்கத்துப் பக்கத்துல நிக்குதுன்னு வைங்க, நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன். அப்புறம் கையால தொட்டுப் பாருங்க, ரெண்டு விதையும் ஒரே அளவா கீழ இறங்கியிருக்கா, கீழ்த்தாடை முன்னே நீட்டாம இருக்கா, குளம்பு நேரா ஊனுதா.

இன்னொண்ணு, கொம்பே இல்லாத மொட்டைக் கிடா பாக்க சாதுவா இருக்குன்னு சில பேருக்கு ஆசை. மொட்டைக் கிடாவை மொட்டைப் பெட்டையோட சேத்தா பிறக்கற குட்டிகள்ல ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம சிலது வரும், சினையே பிடிக்காது. ரெண்டுல ஒண்ணுக்காவது கொம்பு இருக்கட்டும்.

கேள்வி: எல்லா ஆடும் ஒண்ணாதான் மேயுது சார். எந்தக் கிடா எதோட சேந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

பதில்: தெரியாட்டி பரவால்ல, தாய் தெரிஞ்சா பாதிக் கணக்கு வந்துடும். ஆனா 3 மாச எடையிலயே தேறாத கிடாக்குட்டி மந்தையில சுத்தக்கூடாது. 4, 5 மாசத்துலயே ஏறிடுவானுங்க, அதனால அதுக்கு முன்னாடியே காயடிக்கணும், இல்லன்னா வித்துடணும். இதுல ஒரு வீடு டிமிக்கி குடுத்தாலும் மத்த 49 வீட்டு உழைப்பும் வீண், சண்டை வர்ற இடமே இதுதான், ஆரம்பத்துலயே பேசி முடிச்சுடுங்க. கிழக்கு ஆப்பிரிக்காவுல ஆடு மாடு மேய்க்கற மசாய் மக்கள் கிடாவோட வயித்துக்குக் கீழ ஒரு தோல்துண்டைக் கட்டித் தொங்க விடுவாங்க, ஏறினாலும் சேர முடியாது. வேண்டாத மாசத்துல சினை பிடிக்காம இருக்க இது நல்ல வழி. சினைக்காலம் 5 மாசம், பச்சை துளிர்க்கற நேரத்துல குட்டி விழற மாதிரி எண்ணிப் பாத்து அவுத்து விடுங்க.

ஒரே கிடாவை ஒரே கூட்டத்துல ரொம்ப நாள் வைக்காதீங்க. அதோட மகள்களே பருவத்துக்கு வந்துடும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல அடுத்த கூட்டத்துக்கு மாத்தி விடுங்க, மாத்தறதுக்கு முன்னாடி கருச்சிதைவு உண்டாக்கற புருசெல்லா கிருமி இருக்கான்னு டெஸ்ட் எடுத்துடுங்க, இல்லாட்டி ஒரு கூட்டத்துக் கருச்சிதைவு எல்லாக் கூட்டத்துக்கும் போயிடும்.

கேள்வி: நல்ல குட்டியை விக்காத, நிறுத்துன்னு சொல்றீங்க. அந்த வீட்டுக்காரன் வயிறு?

பதில்: நியாயமான கேள்வி. வெறும் புத்திமதி சொல்லி யாரையும் நிறுத்த முடியாது. கூட்டுப் பணத்துலேர்ந்து அந்தக் குட்டியை வியாபாரி குடுக்கற வெலைக்கே, முடிஞ்சா கொஞ்சம் கூடவே குடுத்து வாங்கிக்கணும். ரெண்டு வருஷம் வேலை செஞ்சப்புறம் அது பெரிய கிடா, வித்தா போட்ட காசுக்கு மேலயே திரும்ப வரும், அதுலதான் அடுத்த குட்டி.