சுங்கை சிப்புட் தம்பிக்கு: வரியும் திருட்டும் ஒன்றல்ல

தம்பி, சம்பளத்தில் மாத வரியும் பிடிக்கிறார்கள், ஊழியர் சேமநிதியும் பிடிக்கிறார்கள், ஆனால் உங்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகையாளர் சேமநிதியைக் கட்டவே இல்லை, "இரண்டும் திருட்டுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். வரியும் நம்மைக் கேட்டுப் பிடிப்பதில்லை, கட்டாவிட்டால் தண்டம், சரி. ஆனால் 2015 ஏப்ரலில் நம் மலேசியாவில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்ததே, நினைவிருக்கிறதா? தோட்டத்து மளிகைக் கடையில் எல்லாரும் புலம்பினோம். 2018 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூன் 1 முதல் அது பூஜ்ஜியமானது. திருடனை ஓட்டுப் போட்டு நிறுத்த முடியுமா? வரிக் கணக்கு தவறென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டித்தான் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குகிறேன். மீதிச் செலவு நம் எல்லாருடைய வரி.

அந்த வரிப்பணத்தை யாராவது சுருட்டினால், அது திருட்டு. அதைத் தட்டிக் கேட்க வேண்டும்.

குத்தகையாளர் செய்ததும் அதே ரகம். உங்கள் பெயரில் போக வேண்டிய பணம் அது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அவர் கட்டியிருக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சட்டப்படி குற்றம். என் அப்பாவுக்கும் ஒரு தோட்டத்தில் இப்படி நடந்தது. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போட்டிருந்ததால் காட்ட ஒன்றுமில்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. நீங்கள் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேமநிதிக் கணக்கு அறிக்கையை எடுத்து, எந்தெந்த மாதம் விடுபட்டது என்று குறித்துக்கொண்டு, இந்த வாரமே சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.