தண்ணீர் வரத்து நின்றால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: சென்னைப் புறநகரில் 30 படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றை நிர்வகிக்கிறேன். 4 டயாலிசிஸ் மெஷின்கள் உண்டு. குழாய் வேலைக்காக 3 நாள் தண்ணீர் வராதாம். எவ்வளவு சேமிக்க வேண்டும்?

பதில்: 100 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைக்கு இந்தியத் தரக் கணக்கு, படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நாளைக்கு 10,200 லிட்டர் வேண்டும். தட்டுப்பாட்டு நாளில் அது கைகூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவை வைத்துக்கொள்ளுங்கள். உள்நோயாளிக்கு 60 லிட்டர் வீதம் 1,800. அறுவை சிகிச்சையோ பிரசவமோ ஒன்றுக்கு 100 வீதம், மூன்றுக்கு 300. வெளிநோயாளிக்கு 5 வீதம், 100 பேருக்கு 500. கூட இருப்பவர்களுக்கு ஆளுக்கு 20 என்று நாமே 600 சேர்த்துக்கொள்வோம்.

டயாலிசிஸ் தனிக் கணக்கு. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்த நீர். ஆர்.ஓ. (சவ்வு வழியே நீரைச் சுத்திகரிக்கும் கருவி) பாதியைக் கழிவாகத் தள்ளினால் 240 லிட்டர் உள்ளே போக வேண்டும். நாளைக்கு 8 பேர் என்றால் 1,920. எல்லாம் சேர்த்து நாளைக்கு 5,120. மூன்று நாளுக்கு 15,360. கையிருப்பு 18,000 இருக்கட்டும். தீயணைப்புக்கான தொட்டியை இதில் சேர்க்காதீர்கள்.

ஒழுகும் ஃபிளஷ் டேங்க்குகளால் சேமித்த நீர் ஒரே இரவில் தீர்ந்துபோகலாம். கழிவறைக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு, அங்கே ஊற்ற ஆர்.ஓ. கழிவு நீரை வாளியில் வையுங்கள். ஆபரேஷன் தியேட்டர், பிரசவ அறைக்குத் தனி டேங்க் வேண்டும். கைகளுக்கு ஆல்கஹால் ஹேண்ட்ரப் போதும் என்று இருந்துவிட வேண்டாம். ரத்தமோ மலமோ பட்ட கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் உதவும்.

கேள்வி: லாரித் தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

பதில்: தெளிந்த நீர் 12,000 லிட்டருக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 100 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேல்நீரை மட்டும், லாரி இறங்கும்போதே சம்ப்பில் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. மீதிக் குளோரின் காட்ட வேண்டும், கடைசிக் குழாயில் 0.2. ஒன்றும் காட்டாவிட்டால் நீர் அழுக்கு, அல்லது பவுடர் பழசு. பிரித்து வைத்த பாக்கெட் ஈரம் கோத்து வீரியம் போய்விடும்.

இதே குளோரின் டயாலிசிஸ் நோயாளியின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் குளோரமினை ஆர்.ஓ. சவ்வு தடுக்காது; கரி நிரப்பிய கார்பன் டேங்க்தான் தடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன், ஆர்.ஓ. 15 நிமிடம் ஓடிய பிறகு, முதல் கார்பன் டேங்க்கைத் தாண்டிய நீரைச் சோதியுங்கள். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.க்கு மேல் இருந்தால் யாரையும் மெஷினில் போடாதீர்கள்.

லாரி எங்கே நிரப்பியது என்பதையும் கேளுங்கள். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் வந்த நீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்திருந்தது. கல்லீரல் செயலிழந்து டயாலிசிஸ் நோயாளிகள் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சை சாயல் தெரிந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: தண்ணீர் திரும்ப வந்ததும் பழுப்பாக வருகிறதே?

பதில்: அழுத்தம் குறைந்தபோது குழாய் விரிசல் வழியே சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். சம்ப்புக்கு வரும் வால்வை மூடி, முதல் நீரை வெளியே விடுங்கள். தெளிந்து, குளோரின் காட்டிய பிறகே திறங்கள். வாளிக்குள் முங்கிக் கிடக்கும் ரப்பர் டியூபையும் எடுத்துவிடுங்கள். அழுத்தம் இறங்கினால் அதுவும் அழுக்கை உறிஞ்சும்.