மாடல் போர் விமானங்களுக்கு வண்ணமும் மெருகும்: கேள்வி பதில்

கேள்வி: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தைக் கட்டுகிறேன். என்ன வண்ணம் அடிப்பது?

எந்த ஆண்டு ஸ்பிட்ஃபயர்? 1940 கோடையில் பிரிட்டன் வான்போரில் பறந்தது என்றால் மேலே டார்க் எர்த் பழுப்பும் டார்க் கிரீனும், அடியில் ஸ்கை என்ற வெளிர்பச்சையும். 1941 ஆகஸ்டில் பழுப்பின் இடத்துக்கு ஓஷன் கிரே வந்தது, அடிப்புறம் மீடியம் சீ கிரே ஆனது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்தவற்றுக்கு மிட் ஸ்டோன், டார்க் எர்த், அடியில் அஷூர் புளூ. பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தை நம்பிப் பெயிண்ட் வாங்காதீர்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதே விமானத்தின் புகைப்படம் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: எஃப்எஸ் எண்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற பெயிண்ட் நிறத் தரப்பட்டியல் தந்த ஐந்து இலக்க எண்கள் அவை. முதல் இலக்கம் மெருகைச் சொல்லும்: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மேட், அதாவது பளபளப்பில்லாதது. இரண்டாவது நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல் என்று போகும். 16440, 36440 இரண்டும் ஒரே சாம்பல்தான். ஒன்று மின்னும், மற்றது மின்னாது. நிறம் வேறு, மெருகு வேறு என்பதை இந்த முறை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. எஃப்-16இன் பழக்கமான மூன்று சாம்பல்களான 36118, 36270, 36375 மூன்றும் 3இல் தொடங்குவதைப் பாருங்கள்.

கேள்வி: மாடலில் ஒட்டும் சின்னப்படமான டீகலைச் சுற்றி வெள்ளிப் படலம் தெரிகிறது. ஏன்?

மேட் பெயிண்டின் சொரசொரப்பில் டீகல் ஒட்டாமல் அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது. முதலில் பளபளப்பான கிளாஸ் பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு டீகல், அதன்மேல் டீகலை இளக்கும் திரவம், கடைசியில் மேட் அல்லது அரைப் பளபளப்பான சாட்டின். நிஜ விமானம் மேட்டாக இருந்தாலும் நடுவில் கிளாஸ் பூச்சு வேண்டும்.

கேள்வி: 1/72 மாடலுக்கு எல்லா வண்ணத்திலும் 15 சதவீதம் வெள்ளை கலக்கச் சொல்கிறார்களே?

கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். 30 செ.மீ. தொலைவில் 1/72 மாடலைப் பார்ப்பது, நிஜ விமானத்தை 21.6 மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிற்கும் பஸ்ஸின் நிறம் உங்களுக்கு வெளுத்தா தெரிகிறது?

கேள்வி (அதே நண்பர்): ஆனால் வெளுத்து அடித்த மாடல்தான் நிஜம்போல் இருக்கிறது, ஐயா. அனுபவத்தில் கண்டது.

நீங்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நேரடி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ், வீட்டு அறையில் சில நூறு லக்ஸ்தான். வெளிச்சம் குறைந்தால் நிறங்களின் உயிர்ப்பும் குறைகிறது. அடர்ந்த நிறங்கள் இருண்டு உருவமே தெரியாமல் போகின்றன. ஆகவே அடர் நிறங்களைக் கொஞ்சம் தூக்க வேண்டும், வெளிர் சாம்பலைத் தொடவே வேண்டாம். வெள்ளையை மட்டுமே கலப்பதும் தவறு. சிவப்பில் வெள்ளை சேர்த்தால் இளஞ்சிவப்பாகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். பச்சைக்கு மஞ்சள் அல்லது வெளிர்பழுப்பு. கறுப்புக்குப் பதில் அடர் சாம்பல்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் வெளிச்சமான விளக்கின் கீழ் வைத்தால் கலக்கவே வேண்டாமா?

சரியான கேள்வி. காட்சிக்கு எந்த விளக்கின் கீழ் வைப்பீர்களோ அதே விளக்கின் கீழ், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிளாஸ்டிக் துண்டில் சோதியுங்கள். விகிதத்தை அந்தத் துண்டே சொல்லும். சதவீத அட்டவணை தேவையில்லை.

கேள்வி: ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கு என்ன வண்ணம்?

ஆண்டு?

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் பட்டை கறுப்பாகத் தெரிகிறது. உண்மையில் என்ன நிறம்?

ஆர்தோகுரோமேட்டிக் என்ற ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் பிலிம் சிவப்பை உணராது, மஞ்சளையும் குறைவாகவே உணரும். அதனால் அதில் சிவப்பும் மஞ்சளும் இருட்டாகவும் நீலம் வெளிறியும் பதியும். படம் எந்தப் பிலிமில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் நிறத்தை ஊகிக்காதீர்கள். ஏற்கெனவே நிறம் தெரிந்த தேசியச் சின்னம் அதே படத்தில் இருந்தால் அதனுடன் ஒப்பிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கை முழுவதும் பளபளக்கும் உலோகமாக்க எந்தப் பெயிண்ட் நல்லது?

முழுவதும் வேண்டாம். உடற்பகுதி பூச்சில்லாத அலுமினியம். இறக்கையிலோ காற்று வழுக்கி ஓடுவதற்காக இணைப்புகளைப் புட்டியால் அடைத்து அலுமினிய நிற லாக்கர் (சீக்கிரம் காயும் ஒருவகைப் பெயிண்ட்) பூசினார்கள். எனவே உடலுக்குப் பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சின் மேல் உலோக லாக்கர். இறக்கைக்குச் சாதாரண வெள்ளி நிறப் பெயிண்ட், சாட்டின் மெருகு. இறக்கையில் ஆணி வரிசைகளும் மங்கலாகவே இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டிய மஸ்டாங்கைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: எனாமல் மேல் லாக்கர் அடிக்கலாமா?

கூடாது, அடியில் உள்ள எனாமல் சுருங்கி வெடிக்கும். லாக்கர் அடியில், எனாமல் மேலே இருக்கலாம். ஏர்பிரஷில் எதை அடித்தாலும், அக்ரிலிக் ஆனாலும், முகக்கவசம் அணியுங்கள். லாக்கருக்குத் துணி முகக்கவசம் போதாது, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது வேண்டும். சன்னலையும் திறந்து வையுங்கள்.

கேள்வி: போர்க்கப்பல் தளத்துக்கு என்ன நிறம்?

அது என் துறை அல்ல. கப்பல் கட்டுபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்க ஜெட் போர் விமானமான ஃபான்டமுக்கு என்ன வண்ணம்?

மறுபடியும் சொல்கிறேன்: ஆண்டு, படைப்பிரிவு, புகைப்படம். வியட்நாம் காலத்து அமெரிக்க விமானப்படை என்றால் எஃப்எஸ் எண்களில் மேலே 30219 பழுப்பு, 34102, 34079 பச்சைகள், அடியில் 36622 சாம்பல். கடற்படை என்றால் மேலே சாம்பல், அடியில் பளபளக்கும் வெள்ளை. இரண்டில் எது என்று எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.