மழுங்கிய கத்தியும் காய்க்காத மல்பெரியும்: வாசகர் கேள்வி – பதில்

ஆறு மாதத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து ஒரு கத்தி வாங்கினேன். இப்போது தக்காளியை நறுக்கினால் நசுங்குகிறது. இழுத்துத் தீட்டும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். இரண்டே நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். வேறு கத்தி வாங்கிவிடலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

வாங்க வேண்டாம். முதலில் எதன்மேல் வைத்து நறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை என இவை மூன்றுமே கத்தியின் எமன்கள். கிரானைட்டில் உள்ள படிகங்கள் கத்தி எஃகை விடக் கடினமானவை. ஒவ்வொரு வெட்டு முடிவிலும் கத்தியின் வாய் அதில் மோதி மடங்கும். புது கத்தி வாங்கினாலும் அதே மேடையில் அதே ஆறு மாதம்தான். மரப்பலகையோ கெட்டியான பிளாஸ்டிக் பலகையோ போதும். கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பது சும்மா இல்லை. அது கத்தியை உள்வாங்கிக்கொள்ளும், சில்லு சில்லாகப் பெயராது.

அடுத்தது, நறுக்கிய வெங்காயத்தைக் கத்தியின் வாயாலேயே வழித்துத் தள்ளும் பழக்கம். அது பலகையில் வாயை வைத்துக் குறுக்காகத் தேய்ப்பதற்குச் சமம். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

இழுத்துத் தீட்டும் கருவி விளிம்பைப் பிய்த்து எடுக்கிறதே தவிர, தீட்டுவதில்லை. நூறு ரூபாய்க் கத்திக்கு அது போதும். உங்கள் கத்திக்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பு அளவு, எண் கூடினால் கல் நைசாகும்) உள்ள தண்ணீர்க் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில்லு போயிருந்தால் மட்டுமே 400. வெறும் மழுங்கலுக்கு 1000 போதும்.

கல்லைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நிற்க 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஈரத்துணி மேல் வைத்தால் கல் நகராது. இனி கோணம். சாதாரணக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. அளவுகோல் தேவையில்லை. கத்தியின் அகலம் 4 செ.மீ. என்றால், வாய் கல்லில் படிந்திருக்கும்போது முதுகு சுமார் 1.4 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன். ஜப்பானியக் கத்தி என்றால் 15 டிகிரி, அதாவது 1 செ.மீ. உயரம்.

கோணம் சரியா என்று தெரிய ஒரு வழி உண்டு. விளிம்பு நெடுக மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மூன்று முறை தேயுங்கள். மை முழுதாக அழிந்திருந்தால் சரி. முதுகுப் பக்கம் மட்டும் அழிந்து நுனி விளிம்பில் மை மிச்சமிருந்தால் கத்தியைப் படுக்க வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள், இன்னும் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும்பும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக, விரலை மெல்ல நழுவ விட்டால் நகத்தடியில் நெருடும். விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், வெட்டிவிடும். பலர் தவறுவது இங்கேதான். ‘ஒரு பக்கம் 20 தேய்ப்பு’ என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. அடியிலிருந்து நுனி வரை பிசிறு தொடர்ந்து எழும்பும்வரை தேய்க்க வேண்டும். இடையில் விட்டுப்போன இடம் மழுங்கலாகவே இருக்கும். நுனி வளையும் இடத்தில் கைப்பிடியைச் சற்றே உயர்த்துங்கள், இல்லையேல் நுனி கல்லில் படவே படாது.

பிறகு மறுபக்கம். அங்கும் பிசிறு எழுந்ததும், அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. கடைசியில் மடித்த செய்தித்தாளின் மேல் முதுகு முன்னால் போகும்படி இழுங்கள். மிச்சப் பிசிறு போய்விடும். பழுத்த தக்காளியின் தோலில் கத்தியை வைத்து அழுத்தாமல் இழுத்தால் இறங்க வேண்டும். அதுவே பரீட்சை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உலர்ந்த சக்கரத்தில் நெடுநேரம் அழுத்தினால் விளிம்பு சூடேறும். அங்கே நீலம் பூத்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது, அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நடுநடுவே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

கல் வாங்கும் வரை, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதில் தீட்டலாம்.

மாமியாரின் அரிவாள்மனை பரணிலிருந்து கிடைத்தது. முழுக்கத் துரு. பயன்படுத்த முடியுமா? இன்னொன்று, வாழைப்பூவை இரும்பில் நறுக்கினால் கறுத்துப்போகிறதே, ஏன்?
— வாசகி, கும்பகோணம்

மேல்துரு என்றால் தாராளமாக. புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி 15 நிமிடம் விடுங்கள். செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும். மறுபடி மறுபடி இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒரே தடவையில் புளியை இரவெல்லாம் ஊறவைத்தால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவியதும் உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு மெழுகியது போலத் தடவுங்கள். வழிய வழியத் தடவினால் எண்ணெய் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும். துருவு முனையின் பற்களுக்கு நடுவே பழைய பல்துலக்கியால் தேய்க்க மறக்காதீர்கள், துரு ஒளிவது அங்கேதான்.

இரும்பு, மனையில் பொருத்திய இடத்தில் ஆடினால், அதைச் சரிசெய்யாமல் எதையும் நறுக்காதீர்கள்.

வாழைப்பூவில் துவர்ப்புச் சத்து அதிகம். காற்றுப் பட்டாலே பழுப்பாகும். இரும்பு பட்டால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மைபோலக் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் காய்ச்சினார்கள். எவர்சில்வர் கத்தியால் நறுக்கி, நறுக்க நறுக்க நீர்மோரில் போடுங்கள். மோரின் புளிப்பு பழுப்பாவதைத் தடுக்கும். பூவின் நடுவில் உள்ள வேகாத நரம்பான கள்ளனை எடுக்கும்போதே கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் விரலும் கறுக்காது.

மிக்ஸியில் கல் உப்பை அரைத்தால் பிளேடு கூராகும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருநெல்வேலி

இல்லை. உப்பு எஃகை விட மிக மென்மையானது. மென்மையானது கடினமானதைத் தீட்டாது. பிளேடில் ஒட்டிக் காய்ந்த மசாலாவை உப்பு சுரண்டி எடுக்கும், அதைத்தான் கூர் என்று நினைக்கிறோம். மிளகாய் வற்றல் அரைபடவில்லை என்றால் ஜாரைக் கவிழ்த்து அடியில் உள்ள கப்ளரைப் பாருங்கள், பற்கள் தேய்ந்திருக்கும். பிளேடைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, ஜாரின் அடியில் கறுப்பாக எண்ணெய் கசிந்தாலோ பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. இரண்டும் சின்னச் செலவுதான். அந்தக் கறுப்புக் கசிவு சட்னிக்குள்ளும் போகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

மாடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மல்பெரி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. குச்சி நட்டு வந்தது. இலை காடாக இருக்கிறது, பழம் இதுவரை பத்துதான் பார்த்தோம். சில கொழுந்துகள் சுருண்டு முடிச்சாக நிற்கின்றன.
— வாசகி, கோவை

பத்து பழம் வந்ததே நல்ல செய்தி. மல்பெரியில் ஆண் செடி, பெண் செடி தனித்தனியாகவும் உண்டு. ஆண் மரத்துக் குச்சி என்றால் பூக்கதிர் மட்டும் வந்து உதிர்ந்துவிடும், ஒரு பழமும் கிடைக்காது. உங்களுடையது அப்படியில்லை. பட்டுப்புழு வளர்ப்புத் தோட்டத்திலிருந்து குச்சி வாங்கியிருந்தால் அது இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகமாக இருக்கும், கூடையாகக் காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இப்போதிருப்பதை விடப் பல மடங்கு எடுக்கலாம்.

மல்பெரி புதுத் துளிரில்தான் காய்க்கும். துளிர் வர வேண்டுமென்றால் கவாத்து வேண்டும். நீங்கள் வெட்டாமல் விட்டதால் பழைய கிளை நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, மொட்டுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக வெட்டுங்கள். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு மிச்சமுள்ள இலை அத்தனையையும் உருவிவிடுங்கள். கிழித்து இழுத்தால் காம்படியில் உள்ள மொட்டும் சேர்ந்து வந்துவிடும், ஆகவே காம்பைக் கத்தரியால் நறுக்குங்கள். செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். சுமார் பத்து நாளில் துளிரும், துளிரோடு சேர்ந்தே பச்சைப் புழு போன்ற காய்க்கதிரும் வெளிவரும். வெயிலைப் பொறுத்து 40 முதல் 60 நாளில் பழம்.

வெட்டும் அதே நாளில் வாளியையும் மாற்றுங்கள். இரண்டு வருடத்தில் வேர் வாளிக்குள் வட்டமடித்திருக்கும். வேர் உருண்டையின் வெளிப்புறத்தை 3 செ.மீ. அளவுக்குச் செதுக்கிவிட்டு 50 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. அடியில் விரல் நுழையும் ஐந்து துளையாவது இருக்கட்டும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரா வாரம் ஊற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், அது இலையைத்தான் தூண்டும்.

சுருண்ட கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை மாவு போல இருக்கும். அது மாவுப்பூச்சி. சுருளுக்குள் மருந்து இறங்காது. கொழுந்தோடு நறுக்கி சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில துளி காதி சோப்பு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். கடும் பூச்சிமருந்து வேண்டாம். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி உங்கள் கோவைப் பக்கம்தான் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்க நாசம் செய்தது. மருந்துக்கு அடங்காத அதை, 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து வரவழைத்த கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி ஒட்டுண்ணிகள்தான் அடக்கின. மருந்தடித்தால் முதலில் சாவது அந்த நன்மை செய்யும் பூச்சிகள்தான். எறும்பு ஏறினால் தண்டில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துணி சுற்றி கிரீஸ் தடவுங்கள். மாவுப்பூச்சியைக் காவல் காப்பதும் பரப்புவதும் எறும்புதான்.

சிவப்பாக இருக்கும்போது பறிக்காதீர்கள். நன்கு கறுத்து, தொட்டால் கையில் விழ வேண்டும்.

சென்னையில் ஸ்ட்ராபெரி, புளூபெரி வளர்க்கலாமா?
— வாசகர், தாம்பரம்

ஸ்ட்ராபெரியைப் பருவச்செடியாக நினைத்தால் வளர்க்கலாம். அக்டோபர் கடைசியில் கன்று வைத்து, பிப்ரவரி வரை பறிக்கலாம். கோடையில் பூ நின்று செடி கருகும், அது உங்கள் தவறல்ல. நடும்போது இலைகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். பழம் மண்ணில் படாமல் வைக்கோல் பரப்புங்கள். கொடைக்கானல் பழத்தின் இனிப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

புளூபெரிக்குப் பணத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு மண்ணின் பி.ஹெச். (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும், குளிரும் வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் ஊற்றினால் இலை மஞ்சளாகி நிற்கும். பெர்ரிதான் வேண்டுமென்றால் மணத்தக்காளி வையுங்கள். தாவரவியல் கணக்கில் அதுதான் அசல் பெர்ரி, தக்காளியும் கத்தரியும்கூட. ஸ்ட்ராபெரியும் மல்பெரியும் அந்தக் கணக்கில் சேராது!

மல்பெரிக் கறை பட்ட துணியைச் சோப்புப் போட்டதும் நீலமாகிவிட்டது. ஜாமும் இறுகவே இல்லை.
— வாசகி, ஏற்காடு

அந்த நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சோப்பு காரம். முதலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் சோப்பு. நறுக்கும் பலகைக்கும் இதே வைத்தியம்.

ஜாம் இறுகப் பெக்டினும் (பழத்தில் இயல்பாக உள்ள பசைச்சத்து) புளிப்பும் வேண்டும். நன்கு கனிந்த மல்பெரியில் இரண்டுமே குறைவு. அரை கிலோ பழத்துக்கு 350 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை, பாதி பழுத்த ஒரு கொய்யாவைத் துருவி வேகவைத்து வடிகட்டிய சாறு. கொய்யாவில் பெக்டின் ஏராளம். இரும்பு வாணலி வேண்டாம், நிறம் கறுக்கும். அடி கனமான எவர்சில்வர் போதும். ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். அதுவே பதம்.

களாக்காய் ஊறுகாய்க்கு நறுக்கினால் பால் கத்தியில் பிசின்போல ஒட்டுகிறது. வெந்நீரிலும் போகவில்லை.
— வாசகி, புதுக்கோட்டை

அந்தப் பால் தண்ணீரில் கரையாது, வெந்நீர் பட்டால் இன்னும் இறுகும். நறுக்கும் முன்பே கத்தியில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிளந்து விதை எடுத்ததும் உப்புத் தண்ணீரில் அரை மணி போட்டுவிட்டால் மிச்சப் பால் அங்கேயே வடியும். ஏற்கெனவே ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். இரும்புக் கத்தி என்றால் நறுக்கி முடித்த கையோடு கழுவித் துடையுங்கள். களாவின் புளிப்பு ஒரு மணி நேரத்திலேயே புள்ளி புள்ளியாகக் கறை விழவைக்கும்.