யூஎஸ்பி சாதனம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளுமே, அதை எதற்கு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் விவரக்குறிப்பு) எழுத வேண்டும்?

பெரும்பாலும் எழுத வேண்டியதில்லை. பென்டிரைவைச் செருகியதும் அது தன் வெண்டார் ஐடி, புராடக்ட் ஐடியைச் சொல்லிவிடும். லினக்ஸ் கெர்னல் அதற்கேற்ற டிரைவரைப் பிடித்துவிடும். போர்டிலேயே சால்டர் செய்த சிப்பும் அப்படித்தான். ஆனால் அந்தச் சிப்பால் சொல்ல முடியாதவை சில உண்டு. அவற்றுக்கு மட்டும்தான் டிவைஸ் ட்ரீ.

எம்பெடட் லினக்ஸ் வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ராஸ்பெர்ரி பை 3 பி. அதிலுள்ள லேன்9514 சிப்புக்குள் ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்தே இருக்கின்றன. மேக் முகவரியை (நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) சேமித்து வைக்க ஈஈப்ராம் என்ற சிறு நினைவகம் கிடையாது. அந்த முகவரி கெர்னலுக்கு முன் ஓடும் பூட் ஃபர்ம்வேரிடம் இருக்கிறது. யூஎஸ்பி கன்ட்ரோலருக்குக் கீழே ஹப், ஹப்புக்குக் கீழே ஈதர்நெட் என்று டிவைஸ் ட்ரீயில் நோடு (ஒரு சாதனத்துக்கான பதிவு) எழுதி, ஈதர்நெட் நோடுக்கு ஈதர்நெட்0 என்று அலியாஸும் (மாற்றுப்பெயர்) கொடுத்தால், ஃபர்ம்வேர் முகவரியை அங்கே நிரப்பிவிடும், டிரைவர் எடுத்துக்கொள்ளும். முகவரி எங்கிருந்தும் கிடைக்காவிட்டால் டிரைவர் ரேண்டமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். ரவுட்டரில் மேக் முகவரியை வைத்து அந்தப் போர்டுக்கென்று ஐபி ஒதுக்கி வைத்ததெல்லாம் வீண்.

இன்னொரு காரணம் பவர். சில ஹப்களுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரை ஆன் செய்து, ரீசெட் பின்னை விடுவித்தால்தான் யூஎஸ்பி பஸ்ஸில் (சாதனங்கள் இணையும் பாதை) தெரியவே செய்யும். பஸ்ஸில் தெரிந்தால்தான் டிரைவர் வரும். டிரைவர் வந்தால்தானே பவர் கொடுக்க முடியும்? ரெகுலேட்டரை எப்போதும் ஆனிலேயே இருக்கும்படி எழுதிச் சமாளித்த போர்டுகள் ஏராளம். 2022இல் வந்த லினக்ஸ் 6.0இல் இதற்கென்றே ஆன்போர்டு ஹப் டிரைவர் சேர்ந்தது. நோடைப் பார்த்தே அது முன்கூட்டி எழுந்து பவர் கொடுத்துவிடும். யூஎஸ்பி 3 ஹப் என்றால் பஸ்ஸில் இரண்டு ஹப்பாகத் தெரியும் என்பதால் இரண்டு நோடு எழுதி, ஒன்றையொன்று சுட்ட வேண்டும்.

எழுதும்போது பலரும் இடறும் இடங்கள்: நோடிலுள்ள ரெக் மதிப்பு என்பது ஹப்பின் போர்ட் எண், அது 1இல் தொடங்கும். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை 0424:9514 என்று காட்டினால், நோடின் கம்பேட்டிபிள் வரியில் முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட்டு usb424,9514 என்றே எழுத வேண்டும். கெர்னல் நோடையும் சாதனத்தையும் இணைப்பது போர்ட் எண்ணை வைத்துத்தான். எண் தவறினால் எந்த எர்ரரும் வராது, நோடு சும்மா கிடக்கும். இதுதான் இருப்பதிலேயே எரிச்சலூட்டும் விஷயம்.

பிசியில் இந்த வேலையை பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணைகள் செய்கின்றன, அங்கே சொல்வது போர்ட்டைப் பற்றி. லேப்டாப்பின் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன்னிடமுள்ள தகவலைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வெப்கேம் இருக்கும் போர்ட்டின் கனெக்ட் டைப்பைத் திறந்தால் ஹார்ட்வயர்டு (நிரந்தரமாக இணைக்கப்பட்டது) என்று இருக்கும், பயாஸ் எழுதியவர் ஒழுங்காக எழுதியிருந்தால்.